மணமகள் அறையில் ஒரு மேசை

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் ‘இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது’ என்று யாருக்காவது தோன்றினால், கோவில்பட்டிக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். அந்த மண்டபம் இருக்கிறது. அந்த அறையும் இருக்கிறது. தீபலட்சுமியும் அவள் புருஷன் சோலைராஜும் கல்லு மாதிரி இருக்கிறார்கள். அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டாள். பேயே வாசலில் வந்து நின்றாலும், ‘செருப்பைக் கழத்திட்டு வாரும்’ என்று சொல்லுகிற ரகம் அவள்.

தீபலட்சுமி ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. கதை விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லுவார், அவருக்கு ஜிஎம் என்று பேர். மற்ற எல்லோருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். திருடன், வைத்தியச்சி, படைவீரன், எது வேண்டுமானாலும். மழை பெய்கிறது, கதவு பூட்டியிருக்கிறது, எதிரே புலி நிற்கிறது என்று ஜிஎம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அந்தப் புலியைப் பார்த்து நம்முடைய ஆள் ஓடுவானா, நிற்பானா, அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஜிஎம் சொல்லக் கூடாது. ‘என்ன செய்யுதீங்க?’ என்று கேட்க வேண்டும். விளையாட்டின் உயிரே அந்தக் கேள்விதான். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் மட்டும் தாயக்கட்டை மாதிரி ஒரு டைஸை உருட்டுவார்கள். அதற்கு இருபது முகம்.

இத்தனை வருஷமாக அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முகம் தெரியாத ஆட்களோடுதான் விளையாடிக்கொண்டிருந்தாள். போன பங்குனியில், இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லாம் கூடுகிற மாநாடு கோவில்பட்டிக்கே வந்தது. கேட்க வேண்டுமா? புருஷனையும் கிளப்பிவிட்டாள்.

மாமியார் சுப்புத்தாய் வாசலிலேயே மறித்தாள்.

“ஏட்டி, எந்தக் கட்சி மாநாடு?”

“கட்சி இல்லத்தே. விளையாட்டு.”

“சொப்பு விளையாட ஒரு மாநாடா? அதுக்கு எம் புள்ளைய எதுக்கு இழுத்துட்டுப் போற?”

“உங்க புள்ளதான் சரின்னுட்டாரு.”

“அவன் எதுக்குத்தான் சரிங்கல?”

மாமியார் சொன்னதிலும் பொய் இல்லை. சோலைராஜ் கடலைமிட்டாய் கம்பெனியில் லோடு வேன் ஓட்டுகிறவன். ஓனர் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னால், சரி. மச்சினன் பைக்கைக் கேட்டால், சரி. அந்த பைக் இன்னும் திரும்பி வரவில்லை. பிறந்த நாளிலிருந்து ‘மாட்டேன்’ என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததில்லை. நல்ல மனுஷன். தீபலட்சுமிக்கு அவன்மேல் உயிர். அந்தச் ‘சரி’யைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வரும்.

மாநாடு நடந்த கல்யாண மண்டபம் ஊருக்கு வெளியே. பின்னால் பூராவும் கரிசல் காடு. பருத்தி எடுத்து முடித்து, தரை வாய் பிளந்து கிடந்தது. மாசக்கணக்காகச் சொட்டு மழை இல்லை. உள்ளே போனால் திருவிழாக் கூட்டம். மதுரைக்காரன் ஒருவன் அட்டையில் கவசம் செய்து மாட்டிக்கொண்டு வேர்வையில் நனைந்துகொண்டிருந்தான். தீபலட்சுமி கலர் கலராக ஒரு செட் டைஸ் வாங்கி, சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எல்லா மேசையும் நிறைந்துவிட்டது. உச்சி வெயில் நேரம். எரிச்சலோடு நின்றவளை ஒரு குரல் கூப்பிட்டது.

“இங்கன ரெண்டு இடம் இருக்கு.”

மணமகள் அறை என்று எழுதியிருந்த கதவருகே ஒருவர் நின்றார். ஒல்லி. வெள்ளை முழுக்கைச் சட்டை. அந்த வெயிலிலும் மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

உள்ளே நுழைந்ததும் ஜில்லென்று இருந்தது. ஏசி இல்லை. ஃபேன் சுற்றவில்லை. பழைய தண்ணீரின் பாசி வாசம் அடித்தது. மேசையில் ஏற்கெனவே இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் தலை ஈரம். யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளைச்சட்டைக்காரர் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். வெளியே இருந்த அத்தனை இரைச்சலும் நின்றுபோனது.

“உங்க ஆளு பேரு?” என்று தீபலட்சுமியைக் கேட்டார்.

“பொன்மணி. ஆட்டுத் திருடி. இப்ப திருந்திட்டா.”

அவர் சிரிக்கவில்லை. சோலைராஜைப் பார்த்தார். “உங்களுக்கு?”

“சோலைராஜ்.”

தீபலட்சுமி அவன் விலாவில் இடித்தாள். “அது உங்க பேருல்லா. கதையில வார ஆளுக்கு வேற பேரு வைக்கணும்.”

“எனக்கு வேற பேரு வாயில வரமாட்டேங்குட்டி.”

“அதுவே இருக்கட்டும்,” என்றார் வெள்ளைச்சட்டைக்காரர். அப்போதுதான் முதல்தடவையாகச் சிரித்தார்.

மற்ற இருவரும் லிங்கராஜ் என்றும் யோகராஜ் என்றும் சொன்னார்கள். இவர்களும் சொந்தப் பேரையே சொல்லிவிட்டார்களோ என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. புதுசாக வருகிறவர்கள் செய்கிற தப்பு இது. பெரிய தப்பு என்று அன்றைக்குவரை யாரும் நினைத்ததில்லை.

அவர் கதையை ஆரம்பித்தார். கையில் புத்தகம் இல்லை, குறிப்பு இல்லை. “பருத்தி எடுத்து முடிஞ்ச காடு. நடுவுல ஒரு கிணறு. தண்ணி வத்தி அடியில சேறு கிடக்கு. தூர் வாரணும்.”

தீபலட்சுமிக்குப் பிடித்திருந்தது. ராஜா, கோட்டை, டிராகன் என்றே விளையாடி அலுத்தவள். நம்ம ஊர்க் கதை. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கிணத்துல எதுவும் இருக்கான்னு எட்டிப் பாக்கேன்,” என்று டைஸை எடுத்து உருட்டினாள்.

சத்தம் வரவில்லை.

மேசை மரம்தான். டைஸ் உருண்டதைக் கண்ணால் பார்த்தாள். ஆனால் சத்தம் இல்லை. மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம் கழித்து... கீழே, ரொம்பக் கீழே...

ப்ளுக்.

ஆழத்துச் சேற்றுத் தண்ணீரில் கல் விழுந்த சத்தம்.

சோலைராஜைப் பார்த்தாள். அவன் வெள்ளைச்சட்டைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“லிங்கராஜ் இறங்குதான்,” என்றார் அவர்.

“சரி,” என்று லிங்கராஜ் எழுந்தான். அறையின் பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. திறந்துகொண்டு போனான். நடித்தே காட்டுகிறார்களே, ஆள் கெட்டிக்காரர்தான் என்று அவளுக்கு முதலில் தோன்றியது.

அவன் நடந்த இடமெல்லாம் ஈரம்.

“லிங்கராஜ் சத்தம் கேக்கல. யோகராஜ் போய்ப் பாக்கான்.”

“சரி.”

யோகராஜும் போனான். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. திறந்து கிடந்த கதவுக்கு அந்தப் பக்கம் கிணற்று உருளை கிறீச்... கிறீச்... என்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் இதுவரைக்கும் ஒருத்தரிடமும் ‘என்ன செய்யுதீங்க’ என்று கேட்கவில்லை.

“பொன்மணி கயித்தப் பிடிக்கா,” என்றார் அவர்.

“பிடிக்கல,” என்றாள் தீபலட்சுமி. “என் ஆளு என்ன செய்யும்னு நாந்தான் சொல்லணும். நீரு சொல்லக் கூடாது.”

அவர் அவளைப் பார்த்தார். பொன்மணியைத் தேடுகிறவர்போல அவள் முகத்தில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

“சோலைராஜ் எந்திரிக்கான்.”

“சரி.” எழுந்தான்.

“என்னங்க, உக்காருங்க.”

“சரி,” என்றான். உட்காரவில்லை.

“சோலைராஜ் கதவுக்கிட்ட போறான். உள்ள காத்து கனமா இருக்கு. அவனுக்கு மூச்சு முட்டுது.”

சோலைராஜ் நெஞ்சைத் தடவிக்கொண்டே நடந்தான். அவன் மூச்சு... கொர்... கொர்... என்றது.

தீபலட்சுமி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள். கனம். நிறைந்த வாளியைக் கிணற்றிலிருந்து இழுக்கிற கனம். இவள் இழுக்க இழுக்க, அவன் ஒவ்வொரு அடியாக வைத்துக்கொண்டே போனான். வாசலுக்கு அந்தப் பக்கம் வெயில் இல்லை. காடு இல்லை. கறுப்புதான் இருந்தது.

“மாட்டேன்னு சொல்லுங்க.”

“சரி.”

“ஐயோ, சரி இல்லங்க. மாட்டேன்னு சொல்லுங்க.”

“சரி...”

அவன் ஒரு கால் வாசலைத் தாண்டிவிட்டது.

சேற்றில் கால் புதைகிற சத்தம்.

கிறீச்... கிறீச்...

அவள் பிடியை விட்டாள்.

பயத்தில் விடவில்லை. கோபத்தில் விட்டாள். திரும்பி நடந்தாள். வெள்ளைச்சட்டைக்காரர் பக்கத்தில் போய், மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

“எந்திரியும். இனிமே இந்த மேசைய நான் நடத்துதேன்.”

அவர் அசையவில்லை. “சோலைராஜ் இறங்குதான்,” என்றார்.

“உம்மக் கேக்கல. அவரக் கேக்கேன்.” கதவைப் பார்த்துத் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து கூப்பிடாத பேரை வாய் நிறையக் கூப்பிட்டாள். “சோலைராஜ். என்ன செய்யுதீங்க?”

உருளைச் சத்தம் நின்றது.

“அவன் இறங்கு—”

“வாயப் பொத்தும். சோலைராஜ், என்ன செய்யுதீங்க?”

அதற்குச் ‘சரி’ என்று பதில் சொல்ல முடியாது.

அவன் நின்றான். அப்படியே நின்றான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

“நான்...”

“சொல்லுங்க.”

“நான்... வீட்டுக்குப் போறேன்.”

“டைஸை உருட்டு,” என்றார் வெள்ளைச்சட்டைக்காரர். குரல் இப்போது மேசையிலிருந்து வரவில்லை. தரைக்குக் கீழேயிருந்து வந்தது.

“இதுக்கு உருட்ட வேண்டியதில்ல,” என்றாள் தீபலட்சுமி. “வீட்டுக்குப் போறதுக்கு எவங்கிட்டயும் கேக்க வேண்டாம்.”

புருஷன் கையைப் பிடித்தாள். இப்போது கனம் இல்லை. முன்கதவைத் திறந்தாள்.

இரைச்சல் மூஞ்சியில் அறைந்தது. மண்டபம், வெளிச்சம், சிரிப்பு. மாநாட்டை நடத்துகிற பானு எதிரே ஓடிவந்தாள்.

“தீபாக்கா, எங்கன போயிட்டிய? உங்களுக்கு ரெண்டு இடம் பிடிச்சு வச்சிட்டு, மைக்கிலகூட கூப்பிட்டேன்.”

“இந்த ரூம்லதான் இருந்தோம்.”

பானு அவர்களுக்குப் பின்னால் பார்த்தாள். “அது பூட்டிக் கெடக்குல்லா.”

திரும்பிப் பார்த்தார்கள். கதவில் பூட்டு தொங்கியது.

வேறு யாராவது இருந்தால் ஓடியிருப்பார்கள். தீபலட்சுமி மண்டபத்து ஆபீசுக்குப் போய் சாவி வாங்கிவந்து திறந்து பார்த்தாள். உள்ளே கூரை முட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. மேசை இல்லை. பின்கதவு இருந்த இடத்தில் சுவர். சுவரில், கல்யாணப்பெண்கள் பார்த்துக்கொள்கிற ஆளுயரக் கண்ணாடி. அவ்வளவுதான்.

“வேன்ல எதுவும் சேறு பட்டுதாண்ணே?” என்றாள் பானு, கீழே பார்த்து.

சோலைராஜின் வலது காலில் முழங்கால்வரை ஈரக் கரிசல் அப்பியிருந்தது.

வீட்டில் மாமியார் திருநீறு பூசினாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். அந்த டைஸையெல்லாம் அடுப்பில் போடச் சொன்னாள். சுருக்குப்பை காலியாகக் கிடந்தது. தீபலட்சுமி அன்றைக்கே புது செட் ஒன்றுக்கு ஆர்டர் போட்டாள்.

பானு போன் செய்தாள். ஆவணியில் மறுபடியும் அதே மண்டபத்தில் மாநாடு. இடம் போதாது, மணமகள் அறையையும் எடுக்கப்போகிறார்களாம், ஆனால் அங்கே மேசை நடத்த ஆள் கிடைக்கவில்லையாம்.

“நான் நடத்துதேன்,” என்றாள் தீபலட்சுமி.

“அந்த எழவுல மறுபடியும் போய் உக்காரணுமாட்டி?” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏலே, நீயாவது சொல்லுலே, போகாதன்னு.”

“மாட்டேம்மா,” என்றான் சோலைராஜ்.

போவதற்கு முன்னால் அந்த இடத்தின் கதை தெரிந்துவிட வேண்டும் என்று இருவரும் விசாரித்தார்கள். மண்டபத்துக்கு அடுத்த காட்டில் ஆடு மேய்க்கிற சின்னக்கருப்பனைத்தான் எல்லோரும் காட்டினார்கள். கேட்டதும் கம்பை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“கிணறு இருந்துச்சு தாயி. மண்ணப் போட்டுத் தூத்துட்டுத்தான் மண்டபம் கட்டுனாவ. நீங்க சொல்லுத ரூமுக்கு நேர் கீழ. முன்ன அதுல தூர் வாரப் போனோம். மேஸ்திரி வன்னியபெருமாள் சொன்னாருன்னு லிங்கராஜ் இறங்குனான். சத்தம் இல்ல. யோகராஜப் போய்ப் பாருன்னாரு. அவனும் போனான். உள்ள விசக் காத்து. எங்களுக்கு என்ன தெரியும்? அடுத்து என்னப் பாத்தாரு. நான் மாட்டேன்னுட்டேன். அதான் இங்கன உக்காந்திருக்கேன்.”

தீபலட்சுமிக்கு எல்லாம் பொருந்திவிட்டது. “அந்த மேஸ்திரி... ஒல்லியா, வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு இருப்பாரா?”

சின்னக்கருப்பன் இல்லையென்று தலையை ஆட்டினார். “அவரு குண்டால்லா இருப்பாரு. சட்டையே போடமாட்டாரு. துண்டுதான்.”

“அப்ப வெள்ளைச்சட்டை போட்டிருந்தது யாரு?”

“அப்படி ஒரு ஆளு அங்கன இல்ல தாயி.” மண்டபத்துப் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. நான் மாட்டேன்னதும் மேஸ்திரி ஒண்ணும் சொல்லல. கிணத்து மேட்டுல தனியா நின்னாரு. பக்கத்துல யாரோ நின்னு பேசுத மாதிரி காதக் கொடுத்துக் கேட்டாரு. பொறவு தலைய ஆட்டி, சரின்னாரு.”

“பொறவு?”

“அவரே இறங்கிட்டாரு.”