துண்டுக்குள் முடிந்த பேரம்

மாட்டுத் தரகர் காளியப்பனுக்குப் பேச்சு கிடைத்தால் சோறு வேண்டாம். ஆனால் அவர் தொழிலில் பேச்சுக்கு வேலையே இல்லை. சந்தையில் கையை நீட்டச் சொல்லி, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், எந்நேரமும் புகையிலை அடக்கிவைத்த அவருடைய இடது கன்னத்துக்குள் புற்று வந்தது. மதராஸ் ஆஸ்பத்திரியில் சதைக்குள் ரேடியம் ஊசிகளைச் செருகி, ஒரு வாரம் வைத்திருந்து ஆற்றி அனுப்பினார்கள். இனிமேல் புகையிலையைத் தொடக்கூடாது என்றும் சொன்னார்கள். ஊர் திரும்பிய மறுநாள் பார்க்கிறேன், வலது கன்னம் உப்பியிருக்கிறது.

"ஏனுங்க, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அது எடது கன்னத்துக்குச் சொன்னதுங்க வாத்தியாரே."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வலது கன்னத்திலேயே ஒன்று வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்தில் இடது கன்னத்தில் அதே இடத்தில் மறுபடியும் கட்டி. வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. அவரும் மனைவி மாரக்காளும் துணைக்கு நானுமாகச் சூரமங்கலத்தில் ரயில் ஏறினோம். "அதே ஊசிய இன்னொருக்கா குத்தச் சொல்லுவம்" என்று வழிநெடுக திட்டம் போட்டுக்கொண்டு வந்தார்.

பெரிய டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஒருமுறை ரேடியம் பட்ட சதை மறுமுறை தாங்காது, எலும்பே அழுகிவிடும். கன்னத்தையும் பாதிக் கீழ்த்தாடையையும் வெட்டி எடுக்க வேண்டும், பிறகு பேச்சு குழறும் என்றார். காளியப்பன் முகம் செத்துவிட்டது. செத்தாலும் சாவேன், வாயைத் தரமாட்டேன் என்று எழுந்தவர், ஏனோ மறுபடி உட்கார்ந்தார்.

"எத்தன வருசம் இருப்பேனுங்க? வாயால சொன்னீங்கன்னா ஊட்டுக்காரி அழுவா. ஒரு விரலு ஒரு வருசம்" என்று டாக்டர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடிவிட்டார். மாரக்காள் சுவரோரம் நின்றாள். துண்டு சிறிது நேரம் அசைந்தது.

உள்ளே நடந்ததை டாக்டர் பிறகு என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னார். கத்தி வைக்காவிட்டால் அரை விரல். வைத்தால் இரண்டு. இந்த மனுஷன் மூன்றாவது விரலை இழுத்து நிமிர்த்தியிருக்கிறார். டாக்டர் மடக்க, இவர் நிமிர்த்த, கடைசியில் இரண்டரைக்குப் படிந்ததாம்.

"எவ்வளவுங்க?" என்றாள் மாரக்காள்.

"பத்து" என்றார் காளியப்பன். அன்றே ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

பாதித் தாடையோடு ஊர் வந்து, மூக்குக் கெண்டியில் ராகிக் கஞ்சி குடித்தார். சந்தைக்கும் போனார். பேச்சு குறைந்ததால் முன்னைவிட நம்பிக்கையான தரகர் என்று பெயர்கூட வாங்கினார். கழுத்தில் மூன்றாம் முறையாகக் கட்டி வந்தபோது டாக்டரிடம் மீதி வைத்தியம் எதுவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து மூன்று வருஷம் நிறைந்த வாரத்தில் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்கப் போன எனக்கு அந்தப் பத்து நெஞ்சில் உறுத்தியது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மாரக்காள் கையமர்த்தினாள்.

"தெரியுமுங்க வாத்தியாரே. துண்டு அசையறதப் பாத்தா எத்தன விரலுன்னு தெரியாதயா இருவது வருசம் இவருகூட இருந்தேன்? ரெண்டரை. பத்துன்னு ஆசையாச் சொன்னாரு, செரின்னு வாங்கிக்கிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அரை வருசம் கூடவே இருந்துட்டாருங்க."