மஞ்சள் பொட்டு

அன்று ரோட்டில் நின்றவர்கள்: எனக்கு விசா கொடுத்த கஃபீலின் மகன். அவனுடைய சித்தப்பா மகன். சித்தப்பா மகனின் மெக்கானிக், பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணி. எங்கள் ஃபோர்மேன், யாழ்ப்பாணத்துக்காரர். நான்.

எண்பதுகளின் நடுவில். தோஹா தொழில்பேட்டையைத் தாண்டி அப்போதுதான் போட்ட ரோடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

இரண்டு பையன்களிடமும் ஒரே மாதிரி பழைய அமெரிக்க வண்டி. ஒரே எட்டு சிலிண்டர் எஞ்சின். இருவருக்கும் பந்தயம். கம்பெனி போட்ட எஞ்சினைத் திறக்கக் கூடாது, அதுதான் பேச்சு. கஃபீல் மகன் எங்களைத் திறக்கச் சொன்னான். திறந்தது தெரியக் கூடாது என்றான். ஜெயித்தால் பாஸ்போர்ட் என் கையில், ரெண்டு மாசம் லீவு. எனக்கு மூன்று வருஷமாக லீவு இல்லை. மகள் பிறந்து முகம் பார்க்கவில்லை.

எஞ்சினை நான் கட்டினேன். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டேன். காற்று போகும் வழியை உள்பக்கம் மட்டும் ராவி அகலமாக்கினேன். வால்வைத் திறக்கிற கேமைப் பெரிதாகப் போட்டால் நிற்கும்போதே வண்டி உதறும், காட்டிக்கொடுக்கும். அதனால் நடுத்தரமாகப் போட்டேன். வெளியே எல்லாம் பழசு. பழைய கார்பரேட்டர், துருவோடு பழைய போல்ட். எஞ்சினுக்கு அடிக்கும் ஆரஞ்சு பெயின்டில் கொஞ்சம் கறுப்பு கலந்து, வெயிலில் வெந்த நிறத்துக்குக் கொண்டுவந்தேன். கழிவு ஆயிலில் மணலைக் குழைத்துத் தேய்த்தேன்.

ஃபோர்மேனுக்கு ஒரு பழக்கம். இறுக்கிய போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்டால் பொட்டு வைப்பார். ஷெட்டில் பொட்டில்லாத போல்ட்டைக் கண்டால் வாயில் நல்ல வார்த்தை வராது.

"இந்த எஞ்சின்ல பொட்டு வேணாம்," என்றேன்.

"எனக்குச் சொல்லித்தர நீர் ஆர்? பஸ் டிப்போவில நட்டு முறுக்கின ஆள்தானே?"

"அந்தக் கைதான் இத கட்டுது. நீங்க ஸ்பானர் தொட்டு எத்தன வருசமாச்சு?"

"வாயைப் பொத்தும். லீவு வேணுமெண்டால் பொத்திக்கொண்டு இரும்."

அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. எஞ்சின் ஒருமுறை சூடானதும் மேல் போல்ட்டுகள் பன்னிரண்டையும் திரும்ப இறுக்க வேண்டும். நான் சாப்பிடப் போயிருந்தேன். வந்தபோது ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தது. அவர் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கியாச்சு," என்றார். நான் தூக்கிப் பார்க்கவில்லை.

பந்தயத்தில் எங்கள் வண்டி வெகுதூரம் முன்னால் போய் நின்றது. கஃபீல் மகன் சட்டைப் பையிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டே இறங்கி வந்தான். கை நீட்டினேன்.

"டெஹ்ரோ," என்றான் பட்டாணி. நில் என்று. "பானட் கோலோ."

பானெட்டைத் திறந்தேன். அவன் குனிந்து மோந்தான். பெயின்டை நகத்தால் சுரண்டினான். விரலில் வந்த அழுக்கைப் பார்த்தான். கார்பரேட்டரில் போட்டிருந்த எண்ணைப் படித்தான். நிமிர்ந்து தன் முதலாளியிடம் தலையாட்டினான், ஒன்றுமில்லை என்று.

சித்தப்பா மகன் காறித் துப்பினான். "இதே மாதிரி கிழட்டு மாட்டைத்தான் நானும் மூணு வருசமா ஓட்டறேன். இப்படி ஓடாது. அந்த மூடியையும் எடு."

பட்டாணி ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூக்கினான்.

கீழே மஞ்சள். புதுசு.

பட்டாணி சிரித்தான். "க்யா பாய், கம்பெனியில் பொட்டு வைச்சா அனுப்பினான்?"

நான் ஃபோர்மேனைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"ஆர் வைச்சதெண்டு எனக்குத் தெரியாது," என்றார். "கட்டினது இவர்."

கஃபீல் மகன் பாஸ்போர்ட்டைத் திரும்பப் பையில் போட்டான். "கலாஸ். லீவ் மாஃபி." முடிந்தது, லீவு கிடையாது என்று.

பட்டாணி விட்டபாடில்லை. ஒவ்வொரு போல்ட் தலையாக விரல் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணினான்.

பன்னிரண்டு.