உள்ளே இழுக்கும் மெத்தை

கடைக்குள் யாராவது அலறினால், விலையைப் பார்த்துத்தான் அலறுகிறார்கள் என்று நினைப்பவன் நான். போன சனிக்கிழமை அந்த நினைப்பில் மண் விழுந்தது.

நண்பன் ஜோசப்பின் அம்மா ரோசம்மா. கொஸ்லந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், குடியிருந்த லயம் மண்சரிவில் புதைந்துபோன பிறகு, பதுளையில் மகனோடுதான் இருக்கிறார். வந்ததிலிருந்து படுத்துத் தூங்குவதே இல்லை. சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவார். கேட்டால், "முதுகு வலிடா" என்பார்.

ஜோசப் விடுவானா? ஒரு மாதமாகப் போனும் கையுமாக ஆன்லைன் கடைகளை மேய்ந்தான். ஆர்டர் பட்டனை அழுத்தப் போனவனைத் தடுத்தது நான்தான். படுத்துப் பார்க்காமல் யாராவது மெத்தை வாங்குவார்களா?

ஆக, மூன்று பேரும் டவுனில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். சேல்ஸ்மேனுக்கு வாய் நிறையச் சிரிப்பு.

"படுத்துப் பாருங்கம்மா... ஒடம்ப அப்பிடியே மெதுவா உள்ள வாங்கிக்கும்."

ரோசம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு கூச்சத்தோடு படுத்தார். இடுப்பு மெல்ல அமிழ்ந்தது. அவ்வளவுதான்!

"ஐயோ ஆண்டவரே... இழுக்குது! ஜோசப்பு, கையப் பிடிடா!"

கடையே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜோசப் பாய்ந்து தூக்கினான். அவன் கையை அவர் விடவே இல்லை.

"அன்னைக்கி மண்ணும் இப்பிடித்தாண்டா, மெதுவா உள்ள இழுத்துச்சு. இடுப்பு வரைக்கும் போயிட்டேன். பக்கத்து வீட்டு பாக்கியம் கைய நீட்டுனா... எனக்கு எட்டல."

ஜோசப் வெளிறிப்போனான். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"வேலைக்கிப் போற புள்ள. நீயும் தூங்காம கெடக்கவா? முதுகு வலியெல்லாம் இல்லடா. படுத்துட்டா, எந்திரிச்சு ஓட முடியாதே... அதான்."

அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை. ஃபோமின் தடிப்பு, கியாரண்டி, முன்பின் தெரியாதவர்கள் போட்ட நட்சத்திரங்கள் — எல்லாம் விசாரித்தோம். ஏன் தூங்குவதில்லை என்று அந்த மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டோமா? முதுகு வலி என்றதும் நம்பிவிட்டோம். நம்புவது எவ்வளவு சுலபம்... மெத்தை வாங்கினால் தீர்ந்துவிடுகிற வலியாயிற்றே!

கடையை விட்டுக் கிளம்பும்போது, மூலையில் கிடந்த ஒரு தேங்காய்த் தும்பு மெத்தையை ரோசம்மா கையை மடக்கிக் குத்திப் பார்த்தார்.

"இது எறங்காதுல்ல?"

"பலகை மாதிரி கெடக்குங்கம்மா. இத யாரும் வாங்குறதில்ல."

"அப்ப இதையே கட்டிக் குடுங்க."

மறுநாள் காலையில் ஜோசப்புக்குப் போன் போட்டேன். "அம்மா படுத்தாங்களா?"

"படுத்தாங்கடா. கதவோரமா போடச் சொல்லி, விடியுற வரைக்கும் நல்லாத் தூங்குனாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"செருப்ப மட்டும் கழட்டல."