புதுசில் கிடந்த பழைய மெயில்

கடலூரில் எங்கள் ஜெபக் குழுவுக்கு ஈமெயிலில் வரும் விண்ணப்பங்களைக் கூட்டத்தில் வாசிப்பது என் பொறுப்பு. பழைய மெயில்களையெல்லாம் வேறு வடிவத்துக்கு மாற்ற மச்சான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினார். படித்தவை ஒரு ஃபோல்டருக்கும், திறக்காதவை ‘புதுசு’ என்ற ஃபோல்டருக்கும் போகுமாம்.

"புதுசுல ஒண்ணே ஒண்ணு கிடக்கு மாமா. மூணு வருஷமா ஊறுகா போட்டிருக்கீங்க" என்று சிரித்தார்.

சிதம்பரத்து அக்கா ஒருவர் எழுதியது. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், எல்லாரும் ஜெபியுங்கள் என்று கேட்டிருந்தார். யார் எழுதினாலும் "படித்தோம், ஜெபிக்கிறோம்" என்று தானாகப் பதில் போகும்படி நான்தான் செய்து வைத்திருந்தேன். அந்தப் பதில் மட்டும் அவருக்குப் போயிருந்தது.

அவர் வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அக்கா வந்து, "உங்க எல்லாரோட ஜெபந்தான் தம்பி" என்று கையைப் பிடித்துக்கொள்வார். ஆண்டவர் பார்த்திருக்க, நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மனசு கேட்காமல் அக்காவுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன்.

"அப்போ நான் ஒருத்திதான் ஜெபம் பண்ணியிருக்கேன்" என்றார்.

"ஆமாக்கா" என்றேன்.