எஸ்தர் அக்காவின் முகத்தில் அடித்த காற்று

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எங்கள் தொழிற்சாலை வரைபடப் பிரிவின் தொலைபேசிக்கு வந்தது. லோத்குண்டாவில் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் பெண் தெலுங்கில் பேசினாள். காலையில் கதவு திறக்கவில்லையாம், தூக்கத்திலேயே போயிருக்கிறார். ரிசீவரை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். இப்போது பிரிவில் இருப்பவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. எல்லோரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் நின்றபோதுதான், ஓய்வு பெற்றும் மாற்றலாகியும் போய்விட்ட உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

அக்காவின் கணவர் ஜெயராஜ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். மாரடைப்பில் அவர் போனபோது அக்காவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பிள்ளைகளும் இல்லை. விடுப்பு முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பிய காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கணவரின் மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிவந்து தொழிற்சாலை வாசலில் நிறுத்தினார். கால் விரல்தான் தரையில் எட்டியது. "நக்கோ மேடம், கிர் ஜாத்தே" வேண்டாம், விழுந்துவிடுவீர்கள் என்று காவலாளி உருதுவில் பதறினார். "விழுந்தா எந்திரிச்சுக்கிடுவேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று அவர் கண்கள் சிவந்து, கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. பாவம், வழியெல்லாம் அழுதுகொண்டு வருகிறாள் என்று பிரிவே உருகியது. இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கும்படி சூப்பரின்டென்டென்ட் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் அழலட்டி. காத்துதான். நாளைக்கு என் பின்னால ஏறிப் பாரு, தெரியும்."

அக்கா வரும் வழியில், திருமலகிரியில் நான் குடியிருந்தேன். மறுநாள் ஏறிப் பார்த்தேன். வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்க ஜெயராஜ் தன் கையாலேயே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கண்ணாடி செய்து பொருத்தியிருந்தார். அதன் மேல் விளிம்பு அவருக்கு நெஞ்சு மட்டம்; அக்காவுக்கு மூக்கு மட்டம். விளிம்பைத் தாண்டிச் சுழன்று வந்த காற்று நேராக அக்காவின் முகத்தில் அறைந்தது. வேகம் கூடக்கூட, ஈரத்துணியை யாரோ காதருகே உதறுவதுபோல் படபடவென்று சத்தம். அவர் தலை ஆடுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

அக்கா தலையில் துண்டு கட்டிப் பார்த்தார். ஜெயராஜின் தூசிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கண்ணீர் குறைந்தது, தலை ஆட்டம் குறையவில்லை. நானும் தினமும் அவர் பின்னாலேயே ஏறி வரத் தொடங்கினேன். ஒருநாள் போயன்பள்ளி தாண்டி எதிரே ஒரு லாரி வேகமாகக் கடந்தது. அந்தக் காற்றும் சேர்ந்து அடித்ததில் அக்காவுக்கு ஒரு கணம் பார்வையே குழம்பிவிட்டது. வண்டி ரோட்டோர மணலில் சரிந்தது. எங்கள் இருவருக்கும் முழங்காலில் சிராய்ப்பு.

அன்று மாலையே அவர் கொழுந்தனார் வந்துவிட்டார். "மதினி, போதும். வண்டியக் குடுத்திருவோம். அண்ணனே இல்ல, வண்டி எதுக்கு?"

அக்கா காப்பியை அவர் முன்னால் வைத்தார். "அவுக இல்லைன்னுதான் வண்டி வேணும். பஸ்ஸுல எல்லாரும் என்னையப் பாவமாப் பாக்காவ."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து என்னை ஏற்றிக்கொண்டு, ஆளில்லாத கண்டோன்மென்ட் ரோட்டுக்குப் போனார். ஓட்டிக்கொண்டே நன்றாகக் குனிந்தார்; சத்தம் அடங்கியது. கால்பிடியில் ஊன்றிச் சற்றே எழுந்தார்; காற்று முகத்தில் பலமாக அடித்தாலும் ஒரே சீராக அடித்தது, தலை ஆடவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்காரும்போதுதான் தொல்லை. வண்டியை நிறுத்தி, முன்னால் இருந்த அந்தத் தடுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டணும். எனக்கும் நெஞ்சு மட்டத்துக்கு எறங்கணும்" என்றார்.

வீட்டு முற்றத்தில் நான் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள, அவர் இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்தார். விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க ஜெயராஜ் அரம் போட்டு மழுமழுவென்று தேய்த்திருந்தார். ரம்பம் அதைத் தொட்டதும் அக்காவின் கை நின்றது. "அவுக ஒசரத்துக்குச் செஞ்சது. நான் குட்டைங்கறத அவுக நெனச்சே பாக்கல" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. அழுதுகொண்டேதான் அறுத்து முடித்தார். வெட்டிய துண்டை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் தூசிக் கண்ணாடியும் போட்டு ஓட்டி, அவர் உலர்ந்த முகத்தோடு அலுவலகம் வந்தார். பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள். "இனிமே கண்ணுல தண்ணி வந்தா காத்து மேல பழி போட முடியாதுட்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அதன்பின் பிரிவில் அவர் அழுது நாம் யாரும் பார்த்ததில்லை. ஆனால் சில காலைகளில் தொழிற்சாலைத் தெருவுக்குள் திரும்பும் முன் வண்டியை ஓரமாக நிறுத்துவார். தூசிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துத் தானே கிளப்புவார்.

ஓய்வு பெறும்வரை அந்த வண்டியிலேயே வந்தார். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். கொழுந்தனாரும் சபையார் சிலரும் நானும்தான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கேள்வி. ஓடும் வண்டியில் காற்றில் பேச்சு எதுவும் கேட்காது. அதனால் வண்டி எங்கே நின்றாலும், திரும்பிப் பார்க்காமலேயே, "இருக்கியாட்டி?" என்பார். "இருக்கேன்க்கா" என்பேன். இப்போது பஸ்ஸில்தான் போய் வருகிறேன். போயன்பள்ளியில் பஸ் நிற்கும்போதெல்லாம் உதட்டுக்குள் பதில் சொல்லிக்கொள்கிறேன்.