கொழுந்துச் சாக்கின் மேல் இரண்டு பேர்

மழையில் நனைந்த கொழுந்துச் சாக்கின் வாடையும் டீசல் புகையும் சேர்ந்தால் ஒரு நெடி வரும்... இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எழுபதுகளின் கடைசி. பள்ளிக்கூடத்தை விட்டு நான் கொழுந்து பறிக்கப் போன புதிது. மேல்மலையில் எடை போட்ட கொழுந்தைக் கீழே ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஏற்றிப் போக ஒரு சின்ன ட்ரெக்டர் இருந்தது. பின்னால் சக்கரம் வைத்த ஒரு பெட்டி. பெட்டியின் ஒரு பக்கத்துப் பலகை எப்போதோ உடைந்து போயிருந்தது.

அதனால் வளைவுகளில் சாக்கு சரிந்து விழும். அதற்கு எங்கள் தோட்டம் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? அடுக்கிய சாக்குகளின் மேல் இரண்டு பெண்களை ஏற்றி உட்கார வைப்பது! காலால் ஒரு சாக்கை அழுத்தி, கையால் இன்னொன்றை அணைத்துக்கொண்டு ஸ்டோர் வரைக்கும் போக வேண்டும். நாங்கள் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

இதில் வேடிக்கை... காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரம், எங்கள் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஆபீஸ் உத்தரவை அடிக்கடி வாசிப்பார்.

"ட்ரெக்டர்ல ஆள் ஏறக் கூடாது. ஏறினா அவங்கவங்க பொறுப்பு."

பின்னேரம் அதே வாய், "ஏய், ரெண்டு பேரு ஏறுங்க, நேரமாகுது!" என்று கத்தும்.

அப்படியானால் நாங்கள் ஆள் இல்லையா?

அநேகமாக நானும் பாக்கியம் அக்காவும்தான் ஏறுவோம். அக்கா எங்கள் லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராக்காரர், பக்கத்து அறை. புருஷனை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தவர். "நல்லா குந்திக்க புள்ள, எம் முந்தானையப் புடிச்சுக்க" என்பார். அந்தப் பெட்டியில் எனக்கு இருந்த ஒரே பிடி அதுதான்.

ஐப்பசி மழை. மூன்றாவது வளைவில் ட்ரெக்டர் வழுக்கியது. உடைந்த பக்கமாக ஒரு சாக்கு சரிய, அக்கா எட்டிப் பிடித்தார். பிடிக்கத்தானே ஏற்றியிருக்கிறார்கள்! சாக்கோடு சேர்ந்து கீழே போனார். பெட்டியின் சக்கரம் அவருடைய வலது பாதத்தில் ஏறி இறங்கியது.

பின்னால் குடை பிடித்து நடந்து வந்த கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். வந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி...

"கொழுந்து கொட்டிருச்சா?"



அதே பெட்டியில்தான் அக்காவை டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனோம். மறுநாள் காலை கணக்கப்பிள்ளை ஒரு தாளோடு என்னைத் தேடி வந்தார்.

"பாக்கியம், வீட்டுக்கு வெரசாப் போறதுக்குத் தானாத்தான் ஏறுனா. நீ பாத்ததா ஒரு கையெழுத்து வையி."

"நீங்கதானேங்க ஏறச் சொன்னீங்க?"

"ஒங்கப்பனுக்கும் இந்தத் தோட்டத்துலதான வேலை?"

வேலையில் அடிபட்டது என்று பதிந்தால், அக்காவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது கொடுத்தாக வேண்டும். தானாக ஏறி விழுந்தது என்றால் ஒன்றும் கிடையாது. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அப்போது வயது பதினேழு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

அன்று பின்னேரமே அந்த ஆள், கொஞ்சமும் கூச்சமில்லாமல், "ம்... ஏறு" என்றார்.

நான் ஏறவில்லை.

"ஆள் ஏறக் கூடாதுன்னு காலையில நீங்கதாங்க வாசிச்சீங்க" என்றேன். அதற்குள் பின்னால் நின்ற பெண்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். "ஆமாங்க, எங்க காதுலயும் விழுந்துச்சு!" ஒருத்தி ஏற வேண்டுமே... ம்ஹூம்! ட்ரெக்டர் தனியாகப் போனது. வழி நெடுகக் கொழுந்து.

இரண்டே நாள். மூன்றாம் நாள் காலை தோட்டத்து ஆசாரி வந்து இரண்டு பலகை அடித்து, மேலே குறுக்காக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார். தேநீர் நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

இரண்டு பலகை, ஒரு கயிறு... இதைச் செய்ய மனமில்லாமல்தான் அத்தனை வருஷம் எங்களை ஏற்றி வைத்திருந்தார்கள்!

அக்காவின் தாள் மட்டும் மாறவில்லை. ஆபீஸ் வாசலில் நின்று, நான் கையெழுத்துப் போட்டது பொய் என்று சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நாலு மாதத்தில் அவர் காம்பராவைக் காலி செய்து, ஹாலிஎலவில் இருந்த தம்பி வீட்டுக்குப் பிள்ளைகளோடு நொண்டிக்கொண்டே போனார். பஸ் ஏறும்போதுகூட என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

போன மாதம் மகள் வேலை செய்கிற கேம்பஸுக்குப் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அழகான இடம். குப்பையும் சாமானும் ஏற்ற, பேட்டரியில் ஓடுகிற குட்டி குட்டி வண்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்கள்: பின்னால் ஆட்கள் ஏறக் கூடாது. "பார்த்தியா, காலம் எவ்வளவோ மாறிருச்சு" என்று மகளிடம் சொல்லிக்கொண்டு நடந்தேன்...

சொல்லி வாய் மூடவில்லை. மேட்டிலிருந்து ஒரு வண்டி இறங்கி வந்தது. பின்னால் குப்பை மூட்டைகள். மூட்டைகளின் மேல், துப்புரவு வேலை செய்கிற இரண்டு பெண்கள்.

நடுரோட்டில் போய் நின்றுவிட்டேன். வண்டி நின்றது. "அம்மா, வாங்கம்மா... எல்லாரும் பாக்குறாங்க" என்று மகள் கையை இழுத்தாள். நான் நகரவில்லை.

"எறங்குங்கம்மா ரெண்டு பேரும்."

மகளை விடச் சின்னவள் ஒருத்தி பதறிப்போய், எங்கள் தோட்டத்துப் பேச்சிலேயே சொன்னாள்...

"நாங்க எறங்குனா மூட்டை விழுந்துருங்க. அப்பறம் யாருங்க புடிக்கிறது?"