நடுப்பாலம் வரைக்கும்

நீ நம்பலன்னா போ, ரயிலு நின்னுபோன இரும்புப் பாலத்து முனையில கூழ்க்கடை போட்டா கூழ விட கவலைதான் ஜாஸ்தியா வந்து நிக்கும். என்னாட்டம் ரோட்டோரமா சட்டி வெச்சி ஒக்காந்திருக்கறவங்களக் கேளு, சொல்லுவாங்க.

வாத்தியாரு குடிச்ச கூழு

தண்டவாளத்தப் பேத்துட்டு, நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு பாலத்த வுட்டதுலேருந்து, ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தரு தெனம் வாக்கிங் வராரு. பிரசரு, உப்பு வேணாம்பாரு. சளி, மோரு வேணாம்பாரு. கேஸு, வெங்காயம் வேணாம்பாரு. எங்க வூட்டுக்காரரும் இப்டித்தான் அது ஆவாது இது ஆவாதுன்னு இருந்தாரு, கடைசில சிதம்பரம் ஆஸ்பத்திரில குளுகோஸ் மட்டுந்தான் எறங்குச்சி, அத வுடு. அப்ப என்னத்துக்கு சார் வரீங்கன்னு கேட்டேன்.

"வூட்ல பேச ஆளில்லம்மா" ன்னாரு.

மாமியா போட்ட கோடு

எங்க தெரு மல்லிகாவோட மருமவ சங்கீதா, ஆறு மாசம் முழுவாம இருந்தா. புருசன் திருப்பூர்ல. தாய்வூடு ஆத்துக்கு அந்தாண்ட கரை. வவுத்துப் புள்ளையோட ஆத்தத் தாண்டக் கூடாதுன்னு மல்லிகா கறாரா சொல்லிட்டா. சம்பந்திங்களுக்குள்ள சீர் சண்ட வேற, அந்தம்மா இந்தக் கரையில கால் வெக்காது. அதனால சாயங்காலமானா அம்மா அங்கேருந்து வரும், மவ இங்கேருந்து போவும், நடுப்பாலத்துல நின்னு பேசிக்குவாங்க. ரயிலு ஓடுன காலத்துல நடு ஆத்துல நிக்க முடியுமா சொல்லு. இதுக்கு மட்டும் எப்டி ஒத்துக்கினன்னு மல்லிகாவக் கேட்டேன்.

"பாதி வரைக்கும் போனா தாண்டுனதா ஆவாதுக்கா" ன்னா.

தூக்குல போன கூழு

பொறவு அந்தம்மா மஞ்சக்காமாலைல படுத்துடுச்சி. சங்கீதா மட்டும் போயி நடுவுல நிப்பா. அந்தக் கரை பால்காரரு சைக்கிள்ல வந்தா, எங்கிட்ட தூக்குல கூழு வாங்கி அம்மாவுக்குக் குடுத்தனுப்புவா. குடிச்சிச்சான்னு மறுநா கேப்பா. அவரு கொஞ்சமா குடிச்சிச்சிம்பாரு, மூஞ்சியப் பாக்க மாட்டாரு. மனசு கேக்காம, ஒரு வாட்டி அவள அனுப்பேன்டின்னு மல்லிகாகிட்ட நானே சொன்னேன்.

"மொத புள்ள கலஞ்சப்ப அந்த ரத்தத்தக் கழுவுனவ நானு. இதையும் கழுவச் சொல்றியாக்கா?" ன்னா.

பொகை

முடிஞ்சிபோச்சின்னு பால்காரருதான் வந்து சொன்னாரு. புள்ளத்தாச்சி சாவுக்குப் போவக் கூடாது. ஆனா நடுப்பாலத்துலேருந்து பாத்தா அந்தக் கரை சுடுகாடு தெரியும், அது வரைக்கும் போயிட்டு வாடின்னு மல்லிகாவே கையப் புடிச்சிக் கூட்டியாந்து வுட்டா. அவ மட்டும் இங்கியே நின்னு மூக்கச் சிந்திக்கினிருந்தா. சங்கீதா ரொம்ப நேரங்கழிச்சிதான் திரும்பி வந்தா. எம் மருமவ மொண்டாந்த சொம்புத் தண்ணியக் குடுத்தேன். குடிக்காம கையிலயே வெச்சிக்கினு நின்னா.

"அங்க செங்கச் சூளையும் எரியுது ஆயா. எந்தப் பொகை எங்கம்மான்னு தெரியல" ன்னா.

இதெல்லாம் கேக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா பஸ் ஸ்டாண்டுலயே கடை போட்டிருப்பேன், அங்க பஸ்ஸு ஆரன் சத்தத்துல யாரு பேசறதும் காதுல வுழாது. ஏ மருமவளே, தூறல் போடுது பாரு, வெளில கெடக்கற வெறவ உள்ள எடுத்தா.